முடக்கில் வேகத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

மாத்தளை மாவட்டத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வளைவில் விழுந்தால், விழுந்தவரைக் கானுக்குள்ளிருந்து தூக்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடும்: "ஓவர் ஸ்பீட்." தேநீர்க்கடையில் அதுதான் பேச்சு. மறுநாள் பத்திரிகையில் அதுவே "அதிவேகம் காரணமாக வேகக் கட்டுப்பாட்டை இழந்து" என்று அச்சாகும். வீட்டில் அப்பா மகனை வழியனுப்பும்போது அதே தீர்ப்பு புத்திமதியாக மாறும்: "முடக்குல மெதுவாப் போ தம்பி. அக்சிலேட்டர விட்டுரு. எறக்கத்துல கிளச்சப் புடிச்சிக்க, பெற்றோலும் மிச்சம்."

வேகம் குறைந்தால் போதும், முடக்குக்குள் அக்சிலேட்டரை விட்டுவிட்டால் பாதுகாப்பு என்பதே இந்தப் புத்திமதியின் சாரம். கண்டி வீதியில் பலகடுவையிலும், ரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் ஏற்றத்திலும், உக்குவளையிலிருந்து எல்கடுவைக்கு ஏறும் தோட்டப் பாதையிலும் பைக் ஓட்டும் ஆயிரக்கணக்கானோர் இதை வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். இதில் பாதி சரி. மற்றப் பாதி ஆளைக் கவிழ்க்கிறது. சரியான பாதியின் மரியாதையைப் பிழையான பாதியும் சேர்த்து அனுபவிப்பதுதான் என் சண்டைக்குக் காரணம்.

சரியான பாதியை முதலில் கொடுத்துவிடுகிறேன். கணக்கு வேகத்தின் பக்கம்தான் நிற்கிறது. 25 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். நம் மலை வீதிகளில் அப்படிப்பட்டவை ஏராளம். அதை மணிக்கு 30 கிலோமீட்டரில் எடுத்தால் வண்டி ஏறத்தாழ 16 பாகை சாய்ந்தால் போதும். 40இல் எடுத்தால் 27 பாகை வேண்டும். பத்துக் கிலோமீட்டர்தான் கூடியது. சாய்வு முக்கால் பங்குக்குக் கிட்ட ஏறிவிட்டது. வேகம் இரட்டித்தால் வளைவு கேட்கும் விசை நான்கு மடங்காகும். ஊருக்கு வெளியே சட்டம் விடும் 70இல் அதே வளைவை எடுக்க நினைத்தால் 57 பாகை சாய வேண்டும். அது பந்தயத் திடலில், பந்தய டயரில் நடக்கிற வேலை. அதில் இறங்குபவரைக் காப்பாற்ற என் கட்டுரையாலும் முடியாது.

ஆகவே வளைவுக்கு வேகத்தைக் குறைக்கத்தான் வேண்டும். கேள்வி, எங்கே குறைப்பது என்பது. "முடக்குல மெதுவாப் போ" என்ற வாக்கியம் இடத்தைச் சொல்வதில்லை. கேட்கிற பிள்ளை என்ன செய்கிறான்? நேர்ப்பாதையில் அதே வேகத்தில் வருகிறான், வண்டியைச் சாய்க்கிறான், சாய்ந்தபின் வளைவு நினைத்ததைவிட இறுக்கம் என்று தெரிகிறது, அப்பாவின் குரல் காதில் கேட்கிறது, அக்சிலேட்டரைப் பட்டென்று மூடுகிறான், கூடவே பிரேக்கையும் பிடிக்கிறான். புத்திமதியை அவன் அட்சரம் பிசகாமல் நிறைவேற்றியிருக்கிறான். வண்டி மறுபக்கத்துக்குப் போய்விட்டது.

அந்தக் கணத்தில் வண்டிக்கு என்ன நடக்கிறது என்பதை நின்று பார்க்க வேண்டும். அக்சிலேட்டரைத் திடீரென மூடினால் எஞ்சின் பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பாரம் முன்னுக்குப் பாயும். முன் ஃபோர்க் அமுங்கும். பின் டயர் இலேசாகும். சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கை அழுத்தினால் ஹேண்டில் தானாகத் திரும்பப் பார்த்து வண்டியை நிமிர்த்தும். நிமிர்ந்த வண்டி நேரே போகும். நேரே என்றால் இடது வளைவில் எதிரே வரும் பஸ்ஸின் தடத்துக்கு. வலது வளைவில் கானுக்கு, அல்லது கானுக்கு அப்பால் உள்ள பள்ளத்துக்கு. பார்ப்பவர்கள் கண்ணுக்கு அது "வேகமாக வந்து வளைக்க முடியாமல் போனது" போலத்தான் தெரியும். உண்மையில் வண்டியால் வளைந்திருக்க முடியும். ஓட்டியவர்தான் பாதியில் வளைப்பதை நிறுத்திவிட்டார்.

காய்ந்த தார் வீதியில் நல்ல டயரின் பிடிமானத்தைப் பாரத்தின் பத்தில் எட்டுப் பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன வளைவை 40இல் எடுப்பவர் அந்த எட்டில் ஐந்தைத்தான் செலவழித்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் சாய இடமிருக்கிறது. பயந்தவருக்கு அது தெரிவதில்லை; தெரிந்தாலும் கை கேட்பதில்லை. அமெரிக்காவில் ஹரி ஹர்ட் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டார். வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் பெரும்பகுதி ஓட்டுநரின் பிழை என்று கண்ட அவர், அதை ஒற்றைச் சொல்லில் முடிக்கவில்லை. பிரேக்கை மிகையாகப் பிடித்துச் சறுக்கியவர்கள், வேகம் கூடி அகலப் போனவர்கள், வண்டியைத் தேவையான அளவு சாய்க்காமல் அகலப் போனவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொன்னார். நாம் இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டு "ஸ்பீட்" என்று வாயைக் கட்டிவிட்டோம்.

இனி கிளச் புத்திமதி. மூன்று புத்திமதிகளில் எனக்கு மிகவும் கோபமூட்டுவது இதுதான்.

ரிவர்ஸ்டன் கணவாயிலிருந்து ரத்தோட்டைக்கு இறங்கும் வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மாத்தளை நகரம் வரைக்கும் நீண்ட இறக்கம். வார இறுதியில் பிட்டவல பத்தனையைப் பார்த்துவிட்டு வரும் பைக்குகள் கிளச்சைப் பிடித்தபடி, சில வேளை நியூட்ரலிலேயே, சத்தமில்லாமல் இறங்குவதைக் காணலாம். அமைதியாகப் போகிற வண்டி பாதுகாப்பாகப் போகிறது என்று நமக்கு ஒரு பிரமை. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் இறங்கும் சரிவில், கிளச் பிடித்த வண்டி மூன்று செக்கனில் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் கூட்டிக்கொள்ளும். முடக்குக்குள் 30இல் நுழைந்தவர் அதன் நடுவில் 36ஐத் தாண்டியிருப்பார். 16 பாகையில் போதும் என்று சாய்த்த வளைவு இப்போது 22, 23 பாகை கேட்கும். அக்சிலேட்டரைத் தொடவே இல்லை என்று அவர் சத்தியம் செய்வார். பொய்யில்லை. மலை அவருக்காக முறுக்கிக்கொடுத்தது. அதைப் பிடித்து நிறுத்த எஞ்சின் இருந்தது. அதைத்தான் அவர் கிளச்சால் கழற்றி வைத்துவிட்டார். பிறகு மிஞ்சுவது பிரேக் மட்டும். சாய்ந்த வண்டியில், முடக்கின் நடுவில், சூடேறிய ட்ரம் பிரேக்.

மிச்சமாகும் பெற்றோல் எவ்வளவு என்று கேட்டால், இன்ஜெக்ஷன் வைத்த வண்டிகளில் அக்சிலேட்டரை மூடிக் கியரில் இறங்கும்போது எஞ்சினுக்கு எரிபொருள் போவதே பெரும்பாலும் நின்றுவிடும். கிளச்சைப் பிடித்தால்தான் எஞ்சின் அணையாமலிருக்கக் கொஞ்சம் குடிக்கும். 2022இல் க்யூ.ஆர். பாஸோடு வரிசையில் நின்ற காலம் நமக்கு இந்தச் சிக்கனப் பழக்கத்தை இன்னும் ஆழமாகப் பதித்துவிட்டது. அதைப் புரிந்துகொள்கிறேன். புரிந்துகொள்கிறேன் என்பதற்காக ஏற்றுக்கொள்ள முடியாது.

இறக்கத்தில் சரியான முறை இது: நேர்ப்பாதை முடிவதற்குள் பிரேக்கும் கியரும் வேலையை முடித்துவிட வேண்டும். இரண்டாம் கியர், சில இடங்களில் முதலாவது. கிளச் முழுதாக விட்டிருக்க வேண்டும். சாய்த்தபின் அக்சிலேட்டரை மயிரிழை திறந்து, வண்டி கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் ஒரே ஓட்டத்தில் போகும்படி வைக்க வேண்டும். செங்குத்தான இடத்தில் எஞ்சின் இழுப்பும் சரிவும் தாமாகவே சமன்படும். அங்கே கை ஏறத்தாழ மூடியே இருக்கலாம். அதுவும் அக்சிலேட்டரை ஆள்வதுதான், கைவிடுவது ஆகாது. ஒன்று மட்டும் கூடாது: முடக்குக்குள் கியரை இறக்கிக் கிளச்சைப் படாரென்று விடுவது. ஈரத்தில் பின் சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும். மிச்சத்தை வீதி பார்த்துக்கொள்ளும்.

ஏற்றத்தில் கதை தலைகீழ். ரத்தோட்டைக்கு மேலே, அல்லது கம்மடுவைப் பக்கம், பின்னால் ஆளையும் மடியில் சாமான் பையையும் வைத்துக்கொண்டு இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் ஏறுபவரைக் கவனியுங்கள். நம் நாட்டில் இடது கொண்டை ஊசிதான் குரூரமானது. உள்வளைவு மிக இறுக்கம், மிகச் செங்குத்து. வேகம் 15க்கு மேல் இராது. இங்கே "அக்சிலேட்டர விட்டுரு" என்பதைக் கடைப்பிடித்தால் சரிவும் எஞ்சினும் சேர்ந்து வண்டியை இரண்டு மூன்று செக்கனில் நிறுத்திவிடும். சாய்ந்த வண்டியைத் தாங்கி நிற்பது அதன் ஓட்டம். ஓட்டம் போனால் வண்டி உட்பக்கம் விழும். உட்பக்கத்தில் கால் ஊன்றத் தரை ஒரு முழம் கீழே இருக்கும். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் விழுந்தவரின் கணுக்காலைப் பார்த்தும் நாம் "மெதுவாப் போயிருக்கலாம்" என்போமா? அவர் மெதுவாகப் போனதால்தான் விழுந்தார். ஏற்றத்துக் கொண்டை ஊசியில் வேண்டியது முதலாம் கியரும், நிதானமாகத் திறந்தே இருக்கும் அக்சிலேட்டரும், வேகம் அதிகமென்றால் அதை அடக்கப் பின் பிரேக்கில் இலேசான காலும்.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. டியோ போன்ற வண்டிகளில் கிளச் நம் கையில் இல்லை. எஞ்சின் சுழற்சி குறைந்தால் அது தானாக விட்டுவிடும். அக்சிலேட்டரை முழுதாக மூடி மெல்லப் போகும்போது நீங்கள் அறியாமலே நியூட்ரலில் போகிறீர்கள். மறுபடி திறந்தால் முதலில் ஒன்றும் நடக்காது; பிறகு சட்டென்று பிடித்து இழுக்கும். சாய்ந்திருக்கும்போது அந்த இழுப்பு வேண்டாத விருந்தாளி. வளைவு முழுக்க அக்சிலேட்டரைச் சிறிது திறந்தே வைத்து, பின் பிரேக்கால் அடக்கிப் போவதுதான் வழி. "பிரேக்கும் பிடித்து ரேஸும் கொடுப்பதா, பைத்தியமா?" என்று சிரிப்பவர்கள் எல்கடுவை ஏற்றத்தில் ஒருமுறை முயன்று பார்க்கட்டும்.

முடக்கில் அக்சிலேட்டர் என்றாலே நம்மவர்களுக்கு ஏன் இவ்வளவு பயம்? இதற்கு மனத்தில் மட்டும் காரணம் தேடக்கூடாது. வண்டியிலேயே காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கம் வரை திறக்கவில்லை. அந்த ஐந்து வருடமும் பழைய பல்சரும் சி.டி. 100உம் டிஸ்கவரும்தான் கைமாறிக் கைமாறி ஓடின. செயின் தொங்கல் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து. பின் சக்கர ஹப்பின் ரப்பர்கள் தேய்ந்துபோனவை. அக்சிலேட்டர் கேபிளில் வெற்றாட்டம். இப்படிப்பட்ட வண்டியில் மூடியதை மறுபடி திறந்தால், தொங்கிய செயின் இறுகும் கணத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். சாய்ந்திருக்கையில் அந்தக் குலுக்கு நெஞ்சைக் கவ்வும். அதைச் சில தடவை அனுபவித்தவர் "முடக்கில் அக்சிலேட்டரைத் தொடாதே" என்று மகனுக்குச் சொல்வதில் ஆச்சரியமில்லை. அனுபவம் உண்மையானது, அதிலிருந்து எடுத்த முடிவுதான் பிழை. வண்டி குலுங்கியது அக்சிலேட்டரைத் திறந்ததால் அன்று. அதற்குமுன் முழுதாக மூடியிருந்ததால். கையை முழுக்க விடாமல் செயினை இறுக்கத்திலேயே வைத்திருந்தால் குலுக்கு வராது. செயினைச் சரிசெய்ய கராஜில் பத்து நிமிடம் போதும்.

இனி ஹேண்டில். இங்கே நம் அறியாமை இன்னும் பெரிது, ஆனால் அது உலகத்துக்கே பொதுவானது. விமானத்துக்கு முன் சைக்கிள் கடை வைத்திருந்த வில்பர் ரைட், இடப்பக்கம் திரும்பச் சைக்கிள்காரர் என்ன செய்கிறார் என்று பலரைக் கேட்டுப் பார்த்து, சரியாகச் சொன்னவர் ஒருவரும் இல்லை என்று சொல்லியிருக்கிறார். ஸ்கொட்லாந்துப் பொறியியலாளர் ராங்கின் 1869இலேயே இதைப் பற்றி எழுதினார். நடை வேகத்தைத் தாண்டிய இரு சக்கர வண்டியை இடது பக்கம் சாய்க்க, ஹேண்டிலின் இடக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். முன் சக்கரம் கணநேரம் வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கம் சாயும். பிறகு எல்லாம் தானாக நடக்கும். நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், தெரியாமல். தெரியாமல் செய்பவர் அவசரத்தில் அதற்கு நேரெதிரானதைச் செய்வார்: பஸ்ஸைக் கண்டதும் இடப்பக்கம் ஒதுங்க நினைத்து ஹேண்டிலை இடப்பக்கம் திருப்ப முயல்வார்; வண்டி பஸ்ஸை நோக்கிச் சாயும். ஹர்ட் அறிக்கை கண்ட இன்னொன்றும் இதுதான்: ஆபத்தில் இப்படித் தள்ளி ஒதுங்கும் திறமை விபத்தில் சிக்கியவர்களிடம் இல்லவே இல்லை என்று சொல்லும்படியாக இருந்தது.

"நான் உடம்பைச் சாய்த்துத்தான் திருப்புகிறேன்" என்பவர்கள் உண்டு. கலிபோர்னியாவில் 1980இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கீத் கோட் இதற்கென்றே ஒரு வண்டி செய்தார். வண்டியின் சட்டகத்தோடு அசையாமல் பொருத்திய இரண்டாவது கைப்பிடிச் சோடி அதில் உண்டு, அக்சிலேட்டரும் அதில்தான். அதைப் பிடித்துக்கொண்டு உடம்பை எவ்வளவு ஆட்டினாலும் வண்டி கொஞ்சம் தள்ளாடுமே தவிர முடக்கை எடுக்காது. வாதம் முடிந்தது.

எப்போது தள்ளுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. 25 மீட்டர் ஆரத்தில் வீதி செங்கோணமாகத் திரும்பினால் முடக்கின் நீளம் 39 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டரில் செக்கனுக்குப் பத்து மீட்டர். ஆக, எல்லாம் சேர்த்து நான்கு செக்கன் கதை. பயந்த ஓட்டுநர் வளைவு வருமுன்பே மெல்ல மெல்ல, ஒன்றரைச் செக்கன் எடுத்துச் சாய்ப்பார். அது நிதானம் போலத் தெரியும். ஆனால் அவர் முடக்கின் முதற்பாதியில் உள் ஓரத்தை உரசிக்கொண்டு போய்விட்டார்; வீதி அதிகம் திரும்பும் பின்பாதி இன்னும் பாக்கி. அங்கே வண்டி வெளிப்பக்கம் அகலும். அந்த இடத்தில்தான் எதிரே லொறி வரும். அந்த இடத்தில்தான் கை அக்சிலேட்டரை மூடும். முடக்கின் நடுவில் தெரியும் எல்லாப் பயத்துக்கும் விதை முடக்கின் வாசலில் விழுந்தது. வெளிப்பக்கமாகவே கொஞ்சம் பொறுத்துப் போய், முடக்கின் உள்வயிறு கண்ணுக்குத் தெரிந்தபின், ஒரே தள்ளலில், அரைச் செக்கனில் சாய்த்தவருக்கு மறுபடி திருத்த வேண்டிய தேவை இருக்காது. சாய்வு நின்றதும் அக்சிலேட்டர் திறக்கும். ஹேண்டிலின் வேலை எங்கே முடிகிறதோ அங்கே அக்சிலேட்டரின் வேலை தொடங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுபட்டால் டயருக்கு இரட்டைச் சுமை.

வலது வளைவில் இன்னொரு கணக்கு உண்டு. சக்கரம் நம் தடத்துக்குள்ளேதான் இருக்கிறது என்று நடுக்கோட்டை ஒட்டிப் போவார்கள். 27 பாகை சாய்ந்தால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்திலுள்ள தலை ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உட்பக்கம் நீண்டிருக்கும். சக்கரம் நம் பக்கம், ஹெல்மெட் எதிர்ப்பக்கம். பலகடுவையில் கண்டி பஸ்கள் நடுக்கோட்டுக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கின்றன என்பது தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எதிர்வாதங்கள் இரண்டு. முதலாவது: "இதெல்லாம் ரேஸ் வித்தை. 1934இலிருந்து நடக்கும் நுவரெலியா மகாகஸ்தோட்டைப் பந்தயக்காரர்களுக்குச் சொல். மரக்கறி மூட்டையோடு போகிறவருக்கு எதற்கு?" மூட்டையோடு போகிறவருக்குத்தான் இது முதலில் வேண்டும். பந்தயக்காரருக்கு வீதி மூடப்பட்டிருக்கும், எதிரே லொறி வராது, டயர் புதிது. தம்புள்ளை சந்தைக்குப் போய்வரும் மனிதருக்கு இந்த மூன்றும் இல்லை. பாரம் பின்னால் ஏறினால் முன் சக்கரம் இலேசாகி வண்டி இன்னும் மெத்தனமாகத் திரும்பும். அவசர மூடல் இன்னும் அதிகமாக ஆட்டும்.

ஆனால் இந்தக் குற்றச்சாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. அக்சிலேட்டரைத் திறந்தபின் வளைவு முடியும்வரை சீராகத் திறந்துகொண்டே போக வேண்டும் என்பது கீத் கோட்டின் முதல் விதி. முன் சக்கரத்தில் நாற்பது, பின் சக்கரத்தில் அறுபது வீதம் பாரம் இருக்கும்படி வைப்பதே அதன் நோக்கம். திடலில், தெரிந்த வளைவில் அது பொன் விதி. அதைக் கைபேசியில் பார்த்துவிட்டு ரிவர்ஸ்டனில் முறுக்கும் பையன்களை நானும் கண்டிருக்கிறேன். மறுபக்கம் தெரியாத, போகப் போக இறுகும் முடக்கில், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது தற்கொலை. நான் கேட்பது வேகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கான அக்சிலேட்டர்; வழி முழுக்கத் தெரிந்தபின்தான் அதற்கு மேல். நிக் ஐனாட்ச் போன்ற வேறு ஆசிரியர்கள், பிரேக்கை முடக்குக்குள்ளும் கொஞ்சம் தேய்த்துக்கொண்டே போய் மெல்ல விடச் சொல்கிறார்கள். தெரிந்த கைக்கு அது நல்ல ஆயுதம். மெல்லக் குறையும் வேகம் அதே சாய்வில் வண்டியை இன்னும் உட்பக்கம் கொண்டுவரும் என்பதும் பௌதிகம். கவனியுங்கள், இந்த இரு கட்சிக்கும் பொதுவானது ஒன்று: எதையும் சட்டென்று செய்யாதே. நம் ஊர்ப் புத்திமதி கற்றுத்தருவதோ சட்டென்று மூடுவதை.

இரண்டாவது எதிர்வாதம் வீதியைப் பற்றியது. "மழை, பனி, மிளகுக் கொடியிலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்த இலை, மலையிலிருந்து வழிந்த மணல், லொறி சிந்திய டீசல், நாவுலப் பக்கம் வீதியிலேயே காயும் நெல். இதில் உன் பாகைக் கணக்கு எங்கே நிற்கும்?" நிற்கும், இன்னும் கண்டிப்பாக நிற்கும். ஈரத்தில் பிடிமானம் பத்தில் ஐந்துக்கு இறங்கினால், 40இல் அதே வளைவை எடுப்பவர் முழுவதையும் செலவழித்துவிட்டார். பிரேக்குக்குச் சல்லிக்காசு மிச்சமில்லை. 30இல் நுழைந்தவருக்கு நிறைய மிச்சமுண்டு. அப்படியென்றால் வேகம்தானே காரணம் என்பீர்கள். நுழையும் வேகம், ஆம். அதனால்தான் அதை வாசலுக்கு வெளியே தீர்த்துவிடச் சொல்கிறேன். ஈரத்தில், உள்ளே போனபின் ஞானோதயம் பெற்று மூடுவதுதான் மிகப் பெரிய செலவு. நெல்லுக்கும் மணலுக்கும் மேல் போக நேர்ந்தால் வண்டியைச் சற்று நிமிர்த்தி, கை எதையும் மாற்றாமல் கடப்பதைவிட வேறு உபாயம் எனக்குத் தெரியாது.

"ஓவர் ஸ்பீட்" என்ற தீர்ப்பு இவ்வளவு செல்வாக்கோடு இருப்பதற்கு, அது எல்லோருக்கும் வசதி என்பதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வெளிப்பக்கம் சாய்வாகப் போட்ட தார், பற்றை மறைத்த முடக்கு, கவிழ்ந்து கிடக்கும் எச்சரிக்கைப் பலகை எதுவும் விசாரணைக்கு வர வேண்டியதில்லை. பயிற்சி கொடுத்தவரை யாரும் கேட்க வேண்டியதில்லை. விழுந்தவன் இளைஞன், வண்டி பல்சர், வழக்கு முடிந்தது. தோட்டத்துப் பையன் என்றால் இன்னும் சீக்கிரம் முடியும்.

பயிற்சி என்று நாம் கொடுப்பது சமதரையில், நடை வேகத்தில், கால் ஊன்றாமல் வளைந்து காட்டுவது. தமிழ்நாட்டில் போடும் 'எட்டு'ம் அதே இனம்தான். அந்த வேகத்தில் ஹேண்டிலைத் திரும்பும் பக்கமே திருப்ப வேண்டும். சமநிலைக்கு அது நல்ல பரீட்சை. ஆனால் வீதிக்கு வந்து 30ஐத் தாண்டியதும் கை எதிர்மாறாகத் தள்ள வேண்டியிருக்கிறது, அதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அக்சிலேட்டரை எந்த இடத்தில் மூடி எந்த இடத்தில் திறப்பது என்று மலை மாவட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லாமல், நேரே பலகடுவையில் கொண்டுபோய் விடுகிறோம்.

இதற்கு ஓட்டத்திடலும் வெளிநாட்டு ஆசிரியரும் தேவையில்லை. பாடசாலை மைதானமோ, ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும் தோட்டத்துத் தொழிற்சாலை முற்றமோ, அறுபது மீட்டர் நீளத்துக்குக் கெட்டியான தரை போதும். 30இல் நேரே வரச் சொல்லி இடக் கைப்பிடியை மெல்லத் தள்ளச் சொன்னால், வண்டி எந்தப் பக்கம் போகிறது என்று பிள்ளை தானே காண்பான். பிறகு ஒரு கல்லை வைத்து, அதற்கு முன்னால் பிரேக் முடிய வேண்டும் என்றும், அதைக் கடந்தபின்தான் தள்ள வேண்டும் என்றும், சாய்வு நின்றதும் வண்டி குலுங்காமல் அக்சிலேட்டர் திறக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். குலுங்கினால் முதலில் செயினைப் பாருங்கள், பிறகு கையை. அடுத்த கிழமை அதே பாடத்தைப் பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு செய்யச் சொல்லுங்கள். அதன்பிறகு ரத்தோட்டை வீதியில், காலை வேளையில், ஏற்றம் முதலில், இறக்கம் பிறகு.